பதில் வராத முயற்சி

ஆகஸ்ட் 23, தேசிய விண்வெளி தினம். அன்று இரண்டு படங்கள் அருகருகே வரும். ஒன்று, சந்திரயான்-2 நிலவில் இறங்கத் தவறிய 2019 செப்டம்பர் 7 காலை பெங்களூருவில் இஸ்ரோ தலைவர் கே. சிவன் பிரதமரின் தோளில் சாய்ந்து கண்ணீர் விட்ட படம். மற்றது, 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்கு சந்திரயான்-3 நிலவில் இறங்கியதும் அதே ஊரின் கட்டுப்பாட்டு மையத்தில் எல்லோரும் எழுந்து கைதட்டிய படம். கீழே ‘மன உறுதி வென்றது’ என்று ஒரு வரி இருக்கும். அப்படியொரு பக்கத்தைப் படித்துவிட்டு, போட்டித் தேர்வில் மறுபடியும் தவறிய வாசகர் ஒருவர் கேட்கிறார்: “அந்த உறுதி எனக்கு ஏன் வர மாட்டேங்குது சார்?”

உறுதியைத் தேடுவதைச் சற்று நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு மீன்குஞ்சைப் பார்ப்போம்.

வரிக்குதிரை மீன் நம் நாட்டு ஓடைகளில் வாழ்வது. விரல் நீளம்கூட வராது. கங்கை மீன்களைப் பற்றி 1822-இல் வெளியான நூலில் பிரான்சிஸ் ஹாமில்டன் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். அதன் குஞ்சு சில மில்லிமீட்டர்தான் இருக்கும், உடல் கண்ணாடிபோல் இருக்கும். உயிரோடு இருக்கும்போதே மூளையில் எந்தச் செல் ஒளிர்கிறது என்பதை நுண்ணோக்கியில் பார்த்துவிடலாம். அதனால்தான் உலகின் பல ஆய்வகங்களில் இது வளர்கிறது. பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் வத்சலா திருமலையின் குழு, ஒரே சீராக வரும் காட்சியைச் சிறுமூளை முன்கூட்டியே எதிர்பார்க்கக் கற்றுக்கொள்வதை இந்தக் குஞ்சுகளில்தான் காட்டியது. எதிர்பார்ப்பு என்று ஒன்று இருந்தால்தானே ஏமாற்றம் என்று ஒன்று இருக்க முடியும்? அந்த ஏமாற்றத்தை மூளை எப்படிக் கூட்டி வைக்கிறது என்பதை அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வு வளாகத்தில் மிஷா அஹ்ரென்ஸ் குழு 2019-இல் ‘செல்’ இதழில் வெளியிட்டது. என்னை அசரவைத்த ஆய்வு அதுதான்.

ஓடையில் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனால், தரை நகர்வதைப் பார்த்து மீன் எதிர்த்து நீந்தும். நீந்தினால் தரைக் காட்சி பின்னோக்கி நகரும். ‘முன்னேறினோம்’ என்பதற்கு அதுவே சான்று. ஆய்வகத்தில் குஞ்சை அசையாமல் பிடித்துவைத்து, அடியில் கோடுகளை ஓடவிட்டார்கள். அது நீந்த முனைவது வாலுக்குப் போகும் நரம்புச் சமிக்ஞையிலேயே தெரிந்துவிடும். அதற்கேற்பக் கணினி கோடுகளை நகர்த்தும். பிறகு அந்தத் தொடர்பை வெட்டிவிட்டார்கள். மீன் எவ்வளவு முயன்றாலும் கோடுகள் அசைந்து கொடுக்கவில்லை.

முதலில் அது இன்னும் வேகமாக நீந்தியது. பதில் இல்லை. மேலும் முயன்றது. பதில் இல்லை. பிறகு திடீரென்று நீந்துவதையே நிறுத்திவிட்டது. சற்று நேரம் கழித்து மறுபடி முயன்றது, மறுபடி நிறுத்தியது.

‘போதும்’ என்று முடிவெடுத்தது யார்? நரம்பு செல்கள்தான் என்றே எல்லோரும் நினைப்போம். ஒவ்வொரு முறை எதிர்பார்த்தது நடக்காதபோதும் நார்அட்ரினலின் என்ற வேதிச் சமிக்ஞையைச் சுரக்கும் நரம்பு செல்கள் துடித்தது உண்மை. ஆனால் அந்தத் துடிப்புகளைக் கூட்டிக் கணக்கு வைத்திருந்தவை கிளியல் செல்கள். நரம்பு செல்களுக்குச் சோறு போட்டுத் துப்புரவு செய்யும் வேலைக்காரர்கள் என்று நெடுநாள் கருதப்பட்ட செல்கள் இவை. ஒவ்வொரு தோல்விக்கும் இவற்றுக்குள் கால்சியம் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு அளவைத் தாண்டியதும், நீச்சலை அடக்கும் நரம்பு செல்களை இவை முடுக்கிவிடுகின்றன. மீன் நிற்கிறது.

அடுப்பில் பால் காய்வதைப் போலத்தான் இது. தீ எரிந்துகொண்டிருக்கும், பாலோ அசையாமல் கிடக்கும். பார்ப்பவருக்கு ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். ஆனால் ஒவ்வொரு நொடியின் சூடும் பாத்திரத்துக்குள் சேமிப்பில் இருக்கிறது. பிறகு ஒரே கணத்தில் பொங்கி வழிந்து, அந்த அடுப்பையே அணைத்துவிடும். தீ நார்அட்ரினலின், பாத்திரம் கிளியல் செல்கள், அணைந்த அடுப்பு நின்றுபோன நீச்சல். பாத்திரத்தையே எடுத்துவிட்டால் பொங்க ஒன்றும் இருக்காது: அந்தச் செல்களை லேசரால் அழித்தபோது, பலன் இல்லாத நீச்சலைக் கைவிடுவதே குறைந்துபோனது. வெளியிலிருந்து அவற்றைத் தூண்டிவிட்டபோது, நீந்திக்கொண்டிருந்த மீனும் நின்றது. பொங்கும் முன் தீயைக் குறைத்தால் பால் அடங்குமே, அப்படித் தீயைக் குறைப்பதுதான் கோடுகளின் சிறு அசைவு. நீந்தியதற்குக் காட்சி அசைந்துகொடுத்தால் ஏமாற்றத் துடிப்பு எழாது, கணக்கு ஏறாது.

முயற்சியைக் கைவிடுவது பற்றிய ஆய்வின் வரலாற்றையும் சொல்லியாக வேண்டும். உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் 1967-இல் நாய்களுக்குத் தப்ப முடியாத மின்னதிர்ச்சி கொடுத்து, தப்ப வழி இருந்தபோதும் அவை முயலாமல் கிடந்ததைப் பார்த்தார்கள். கையறு நிலை கற்றுக்கொள்ளப்படுகிறது என்றார்கள். 2016-இல் அவர்களே அந்த விளக்கத்தைத் தலைகீழாக்கினார்கள்: நீண்ட துன்பத்தில் ஒடுங்கிப்போவதுதான் இயல்பு, ‘என் செயலால் ஏதோ மாறுகிறது’ என்பதைத்தான் மூளை கற்கிறது. இதற்கு நடுவே 2007-இல் ஏஞ்சலா டக்வொர்த் மன உறுதியை அளக்க ‘கிரிட்’ என்ற அளவுகோலைக் கொண்டுவந்தார். அதைச் சுற்றிப் பயிற்சி வகுப்புகள் முளைத்தன. 66,807 பேரின் தரவுகளைத் தொகுத்த ஒரு பகுப்பாய்வு, பொறுப்புணர்வு என்று உளவியல் ஏற்கெனவே அளந்துவந்த குணத்திலிருந்து அதைப் பிரித்துப் பார்ப்பதே கடினம் என்று கண்டது. ‘உறுதியை வளர்க்கிறோம்’ என்று பணம் கேட்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

மீனிலிருந்து மனிதனுக்கு ஒரே தாவாகத் தாவக் கூடாது. மனித மூளையிலும் நார்அட்ரினலின் உண்டு, கிளியல் செல்களும் உண்டு. அதற்காக நம் சோர்வை எல்லாம் கால்சியத்தின் தலையில் கட்டிவிட முடியாது. கெட்டமைன் என்ற மருந்து இதே குஞ்சுகளை அதிக நேரம் முயலவைத்தது என்று அஹ்ரென்ஸ் குழு பின்னர் காட்டியபோதும் எனக்கு முதலில் எழுந்தது எச்சரிக்கைதான்: அது மருத்துவர் கையில் இருக்க வேண்டிய மயக்க மருந்து, தேர்வுக்குப் படிப்பவருக்கான டானிக் அல்ல. மீன் எனக்குக் கற்றுத்தந்தது ஒரு கேள்வியை மட்டும்: என் முயற்சிக்குப் பதில் வருகிறதா?

இந்தக் கேள்வியோடு பெங்களூருவின் அந்தக் கட்டுப்பாட்டு மையத்துக்குத் திரும்பினால், அந்த இரண்டு படங்களுக்கு நடுவில் இருக்கும் நான்கு ஆண்டுகள் வேறு மாதிரி தெரிகின்றன. சந்திரயான்-2-இன் தரையிறங்கு கலமான விக்ரம் விழுந்து நொறுங்கியது. ஆனால் தொடர்பு அறும்வரை அது அனுப்பிய எண்கள் பெங்களூருவில் இருந்தன. என்ஜின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தின, பிழைகள் சேர்ந்துகொண்டே வந்தன, கலம் திரும்பும் வேகத்துக்கு மென்பொருள் வரம்பு போட்டிருந்தது, இறங்க ஒதுக்கிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான் என்று அப்போதைய இஸ்ரோ தலைவர் எஸ். சோமநாத் 2023-இல் விளக்கினார். தோல்வி ‘தோற்றாய்’ என்பதோடு நிற்காமல், எங்கே, எவ்வளவு என்றும் சொன்னது.

விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3 அந்தப் பதில்களின் மேல் எழுந்தது. இறங்குமிடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது. ஐந்து என்ஜின்கள் நான்காயின, கால்கள் வலுப்பெற்றன, எரிபொருள் கூடியது, வேகத்தை நேரடியாக அளக்கும் லேசர் கருவி சேர்ந்தது. ஹெலிகாப்டரில் கட்டிப் பறக்கவிட்டு உணரிகளைச் சோதித்தார்கள். உயரமான கிரேனில் தொங்கவிட்டு என்ஜின்களை இயக்கினார்கள். நிலவு மண்ணுக்கு நிகராக, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளைப் பொடித்த மண் தமிழகத்திலிருந்து முன்பே போயிருந்தது. நான்கு ஆண்டுகளும் அவர்கள் நிலவை எதிர்பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஒவ்வொரு சோதனையும் அந்த வாரமே, அந்த மாதமே ஏதோ ஒன்றைத் திருப்பிச் சொன்னது. அந்த அணியின் மன உறுதியை நான் குறைத்துப் பேசவில்லை; அது எதைத் தின்று உயிரோடிருந்தது என்பதைச் சொல்கிறேன்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: வருடத்துக்கு ஒரே ஒரு முடிவை மட்டும் பதிலாகத் தரும் தேர்வு, கோடுகள் அசையாத தொட்டிதான். அங்கே சோர்ந்துபோவது உங்கள் குணக்கேடு இல்லை. பழைய வினாத்தாளை நேரம் வைத்து எழுதுங்கள். எந்தப் பகுதியில் மதிப்பெண் போனது என்று யாராவது திருத்திச் சொல்லட்டும். அடுத்த வாரம் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகும் எதுவும் அசையவில்லை என்றால் வேறு இலக்குக்கு மாறுவதில் இழுக்கில்லை. பலனற்ற நீச்சலை நிறுத்தும் ஏற்பாட்டை இயற்கை அந்தச் சிறு குஞ்சுக்கே கொடுத்திருக்கிறது. பெற்றோரும் ஆசிரியர்களும் ‘இன்னும் கஷ்டப்பட்டுப் படி’ என்பதோடு நிறுத்தாமல், எங்கே குறைந்தது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சோர்வு படிப்பைத் தாண்டித் தூக்கம், பசி, பேச்சு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் விலகாமல் இருந்தால், அதற்கு இலக்கோ விடாமுயற்சியோ மருந்தாகாது. 14416 என்ற எண்ணை அழையுங்கள். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் வழிநடத்தும் டெலி மானஸ் என்ற அரசு உதவி அது. நாள் முழுவதும் இலவசம், தமிழிலும் பேசலாம்.