நெஞ்சுச்சுவர் நோயில் தூக்க மூச்சுக் குறைபாட்டுக்கான மருந்துகள்

நெஞ்சுச்சுவர் நோய் என்பது முதுகெலும்பு, விலா எலும்புகள் ஆகியவற்றின் உருக்குலைவால் நுரையீரல் போதிய அளவு விரிய முடியாத நிலை ஆகும். முதுகெலும்புக் கூனல், இளமையில் வந்த முதுகெலும்புக் காசநோய், காசநோய்க்காக முற்காலத்தில் செய்யப்பட்ட விலா எலும்பு நீக்க அறுவை, இளம்பிள்ளை வாதம் ஆகியவை இதன் காரணங்களுட் சில. இந்நோயாளிகளுக்கு மூச்சுக் குறைபாடு முதலில் தூக்கத்திலேயே தோன்றுகிறது. இதற்குப் பல மருந்துகள் முயலப்பட்டுள்ளன. எனினும் இன்றைய முதன்மைச் சிகிச்சை மருந்தன்று. முகமூடி வழிச் செயற்கை மூச்சே ஆகும்.

காரணம்

கனவுகள் மிகுந்த விரைவுக் கண்ணசைவுத் தூக்கத்தில் உடலின் பெரும்பாலான தசைகள் தளர்ந்துவிடுகின்றன. உதரவிதானம் மட்டுமே மூச்சை நடத்துகிறது. நலமுள்ளவருக்கு இது போதுமானது. விலாவிடைத் தசைகளையும் கழுத்துத் தசைகளையும் நம்பி மூச்சு விடும் நெஞ்சுச்சுவர் நோயாளிக்குப் போதாது. இதனால் குருதியில் ஆக்சிசன் குறைந்து, கரியமில வாயு மிகுகிறது. காலைத் தலைவலி, பகல் தூக்கம், கணுக்கால் வீக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள்.

முயலப்பட்ட மருந்துகள்

புரோடிரிப்டிலின்: இது மனச்சோர்வுக்கான மருந்து; விரைவுக் கண்ணசைவுத் தூக்கத்தின் அளவைக் குறைக்கிறது. 1986-இல் அனிதா சைமண்ட்ஸ் முதலிய பிரித்தானிய மருத்துவர்கள் தோராக்சு இதழில் வெளியிட்ட சிறிய ஆய்வில், இவ்வகைத் தூக்கம் குறைந்த அளவுக்கேற்ப ஆக்சிசன் குறைவும் தணிந்தது. வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர்த் தடை ஆகியவை இதன் பக்க விளைவுகள். இம்மருந்து மூச்சுத் தசைகளுக்கு வலுவூட்டுவதில்லை. ஆபத்தான நேரத்தைச் சுருக்குகிறது, அவ்வளவே.

அசெட்டசோலமைடு: சிறுநீரில் பைகார்பனேட்டை வெளியேற்றிக் குருதியின் அமிலத்தன்மையைக் கூட்டுவதால் மூச்சைத் தூண்டுகிறது. ஆனால் மூளை கட்டளையிட்டாலும் நெஞ்சுக்கூடு விரிய இயலாத ஒருவருக்குக் கரியமில வாயு வெளியேறாமல் அமிலத்தன்மை மட்டும் மிகக்கூடும்.

தியோபிலின்: உதரவிதானத்தின் சுருங்கு திறனைச் சற்றுக் கூட்டக்கூடியது. அளவு மிகுந்தால் இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போகும்.

2024-இல் அமெரிக்காவில் தூக்க மூச்சுத்தடைக்கு ஒப்புதல் பெற்ற டிர்செபடைடு, உடற்பருமன் உடையோரின் தொண்டை அடைப்புக்கு உரியது. நெஞ்சுச்சுவர் நோய்க்கு உரியதன்று.

தவிர்க்க வேண்டியவை

தூக்க மாத்திரைகள், அபின் வகை வலி நீக்கிகள், மது ஆகியவை மூச்சுத் தூண்டலை மேலும் தளர்த்துகின்றன. "தூக்கம் சரியில்லை" என்று இந்நோயாளி தூக்க மாத்திரை உட்கொள்வது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆக்சிசனை மட்டும் கொடுப்பதும் கரியமில வாயுவைக் கூட்டக்கூடும். 2006-இல் வெளியான சுவீடன் ஆய்வொன்றில், வீட்டில் ஆக்சிசன் மட்டும் பெற்ற கூனல் நோயாளிகளைவிடச் செயற்கை மூச்சுக் கருவி பெற்றவர்கள் நீண்ட காலம் வாழ்ந்தனர்.

தமிழ்நாட்டில்

முதுகெலும்புக் காசநோய்க்கு அறுவை இன்றி மருந்து மட்டும் போதுமா என்ற ஆய்வு 1970-களில் சென்னையில் தொடங்கியது. காசநோயை உரிய காலத்தில் குணப்படுத்துவது கூனலையும் தடுப்பதால், இந்த மூச்சுக் குறைபாட்டுக்கான சிறந்த மருந்து காசநோய் மருந்தே எனலாம். 1928-இல் காசநோய் இல்லமாகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியம் இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்குகிறது.

இதற்கு அண்மையிலுள்ள ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியின் வாகன, மின்னணுத் தொழிற்சாலைகளில் முறைப்பணி வழக்கமானது. இத்தகைய இடங்களில் பகல் தூக்கத்தை இரவுப் பணியின் களைப்பு என்று எண்ணிவிடுவது எளிது. கூனலோ பழைய காசநோயோ உடைய தொழிலாளி, விடுப்பில் நன்கு தூங்கிய பின்னும் காலைத் தலைவலியோடு எழுந்தால், தமனிக் குருதி வாயுச் சோதனையும் இரவு முழுதும் ஆக்சிசன் அளவிடலும் தேவை. எந்திரத்தின் முன் நிற்பவருக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் இது விபத்தைத் தவிர்க்கும் சோதனையும் ஆகும்.