காலையில் விரல் மடங்கவில்லையா? வலி மாத்திரையோடு நின்றுவிடாதீர்கள்!

கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை ஆய்வது, களை எடுப்பது, பால் கறப்பது என எல்லாமே விரல்களை நம்பிய வேலைகள். சரவாங்கி என்கிற முடக்குவாதம் பெரும்பாலும் முதலில் பிடிப்பதும் விரல்களைத்தான். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக வருகிறது.

எப்படித் தெரிந்துகொள்வது?

வேலை செய்த அலுப்பில் வரும் வலி, படுத்து எழுந்தால் குறையும். முடக்குவாதம் நேர்மாறு. இரவெல்லாம் ஓய்வெடுத்து எழும்போதுதான் விரல்கள் விறைத்திருக்கும். இளகுவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். இரண்டு கைகளிலும் விரல் கணுக்கள் வீங்கும். சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பிறகும் இப்படி வரலாம் என்பதால், பரிசோதித்துத்தான் உறுதிசெய்ய முடியும்.

வேலியே பயிரை மேய்ந்த கதை

கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் எதிர்ப்பு சக்தி, சொந்த மூட்டின் உட்சவ்வையே தாக்குகிறது. சவ்வு வீங்கி, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. வலி மாத்திரை வலியை அடக்குமே தவிர, இந்த அரிப்பை நிறுத்தாது. கோணிய விரலை மருந்தால் நிமிர்த்தவும் முடியாது. அதனால், வீக்கம் இரண்டு, மூன்று வாரங்களில் வடியாவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

‘ஒரே நாளில் வலி போகும்’ என்று விற்கும் பெயரில்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். நீண்ட நாள் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். சாப்பிட்டு வருபவர்கள் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வாரம் ஒரு நாள் மட்டும்!

நோயையே கட்டுப்படுத்த முதலில் பெரும்பாலும் தரப்படுவது மெத்தோட்ரெக்ஸேட். இது வாரத்தில் ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மருந்து. தவறி தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கிழமையை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். பலன் தெரிய ஒன்றரை மாதம் முதல் மூன்று மாதம் ஆகும். அதுவரை பொறுமை வேண்டும். மருத்துவர் சொல்லும் போலிக் அமில மாத்திரையும், ரத்தப் பரிசோதனையும் தவறக்கூடாது. மது கூடாது. கர்ப்பிணிகளும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் இதைச் சாப்பிடக்கூடாது.

முடக்கத்தான் தோசை தாராளமாகச் சாப்பிடலாம். அதை நம்பி மருந்தை நிறுத்தக்கூடாது. பீடி, சிகரெட் நோயை முற்றவைக்கும்.

கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் முதலில் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இந்நோய்க்கெனத் தனித் துறையே உண்டு. போகும்போது, இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் பொடிகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.