உங்களுக்குத் தெரியுமா? டிராகுலா கரையிறங்கிய ஊர்!

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் விட்பி என்று ஒரு குட்டி ஊர். மக்கள்தொகை ஏறக்குறைய 13,000தான். அரை நாளில் பார்த்து முடித்துவிடலாம் என்று நினைத்துப் போவீர்கள். நடக்காது!

முதலில் படி ஏறுங்கள். குன்றின் உச்சியில் இருக்கும் புனித மேரி தேவாலயத்துக்கு மொத்தம் 199 படிகள்! நடுநடுவே பெஞ்சுகள் வரும். உட்கார்ந்து மூச்சு வாங்குவீர்கள். ஆனால் அவை உங்களுக்காகப் போட்டவை அல்ல. சவப்பெட்டி சுமந்து வந்தவர்கள் அதை இறக்கிவைத்து இளைப்பாறுவதற்காகப் போட்டவை!

ஏறியாச்சா? தேவாலயத்துக்குள் நுழையுங்கள். மூன்றடுக்குப் பிரசங்க மேடை, 1778இல் செய்தது. அதன் பின்பக்கம் நீளமான குழல்கள் தொங்கும். என்ன தெரியுமா? காது கேளாத பாதிரியார் மனைவிக்குப் பிரசங்கம் கேட்பதற்கான ஏற்பாடு! மைக்கும் ஸ்பீக்கரும் வருவதற்கு எவ்வளவோ முன்னால்!

அங்கேயே சில இருக்கைகளில் ‘வெளியாட்களுக்கு மட்டும்’ என்று எழுதியிருக்கும். தைரியமாக உட்காருங்கள். நமக்குத்தான்!

இப்போது டிராகுலா. 1890இல் எழுத்தாளர் பிராம் ஸ்டோக்கர் விடுமுறைக்காக விட்பி வந்தார். நூலகத்துக்குப் போய் ஒரு பழைய வரலாற்று நூலைப் புரட்டினார். அதில்தான் ‘டிராகுலா’ என்ற பெயர் கிடைத்தது! புத்தகத்தின் நூலக எண்ணைக்கூடக் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறார். அவருடைய ‘டிராகுலா’ நாவல் வெளிவந்தது 1897இல். ரத்தக் காட்டேரியின் பெயர் கதையில் அது வாழும் டிரான்சில்வேனியாவில் அல்ல, இங்கிலாந்துக் கடற்கரை ஊர் ஒன்றின் புத்தக அலமாரியில் கிடைத்தது!

அதோடு விட்டாரா? 1885இல் நார்வா துறைமுகத்திலிருந்து வந்த ‘டிமிட்ரி’ என்ற ரஷ்யக் கப்பல் விட்பியில் கரைதட்டியது. நாவலில் டிராகுலா வந்திறங்கும் கப்பல் ‘டிமீட்டர்’. அது புறப்பட்ட துறைமுகம் வார்னா. நார்வா, வார்னா! மனுஷர் எதையும் வீணாக்கவில்லை!

ஒரு வேண்டுகோள். தேவாலயத்தில் போய் ‘டிராகுலா கல்லறை எங்கே?’ என்று கேட்காதீர்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், கேட்க வேண்டாம் என்று அறிவிப்பே வைத்திருக்கிறார்கள்!

ஆண்டுக்கு இரண்டு முறை ஊரே கறுப்பு உடுத்தும். கறுப்பு கவுன், கறுப்பு உதட்டுச் சாயம், உயரத் தொப்பி! 1994இல் தொடங்கிய, கறுப்பை விரும்பும் ‘காத்’ (Goth) ரசிகர்களின் திருவிழா அது. போகிறவர்கள் அறையை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்!

தேவாலயத்துக்குப் பக்கத்தில் நிற்கும் இடிந்த மடாலயத்தைப் பாருங்கள். 657இல் ஹில்டா என்ற பெண் துறவி தொடங்கிய மடம் இருந்த இடம். அப்போது அந்த நாட்டில் ஒரு வேடிக்கை. ராஜா ஒரு கணக்குப்படி ஈஸ்டர் கொண்டாடுவார், ராணி வேறு கணக்கு. ராஜா விருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார், ராணி இன்னும் விரதத்தில் இருப்பார்! சரியான தேதி எது என்று 664இல் இங்கேதான் சபை கூடித் தீர்ப்பு சொன்னார்கள். ஜெயித்தது ராணி கட்சி!

அதே மடத்தில் மாடு மேய்த்தவர் கேட்மன். ஆங்கிலத்தில் பெயர் தெரிந்த முதல் கவிஞர் அவர்தான்! நமக்குக் கிடைத்திருக்கும் அவர் பாட்டு வெறும் 9 வரி!

1914 டிசம்பர் 16. ஜெர்மன் போர்க்கப்பல்கள் ஊர் மேல் குண்டு போட்டன. ஏற்கெனவே இடிந்து கிடந்த மடாலயமும் தப்பவில்லை!

கடற்கரைக்கு இறங்குங்கள். கல்லைப் புரட்டினால் சுருண்ட பாம்பு மாதிரி ஒன்று கிடைக்கலாம். பாம்பில்லை, அம்மோனைட் என்ற கடல்வாழ் உயிரியின் புதைபடிவம்! ஹில்டா பாம்புகளைக் கல்லாக்கினார் என்று ஊர்க்கதை. ‘தலை எங்கே?’ என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று, வியாபாரிகள் தலையையும் செதுக்கி விற்றார்கள்! நம் பூஜையறைச் சாளக்கிராமமும் அம்மோனைட் படிவம்தான், தெரியுமோ?

விட்பி ஜெட்! கன்னங்கரேல் என்று மின்னும் நகை. கல் என்று நினைப்பீர்கள். மரம்! சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரம் கடலடியில் புதைந்து இறுகியது. 1861இல் கணவரை இழந்த விக்டோரியா மகாராணி துக்கத்துக்கு ஜெட் அணிந்தார், நாடே அவரைப் பார்த்து அணிந்தது. இந்த ஒரு நகையை நம்பி ஊரில் ஆயிரம் பேருக்கு மேல் பிழைத்த காலம் உண்டு!

அசலா போலியா? மெருகு போடாத பீங்கானில் உரசுங்கள். சாக்லேட் நிறத்தில் கோடு விழ வேண்டும். கடைக்காரரிடம் முதலில் அனுமதி கேளுங்கள்!

விட்பி அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். என் கணக்கில் ஊரிலேயே சிறந்த இடம் அதுதான். அங்கே ஒரு புயல் எச்சரிக்கை இயந்திரம் இருக்கிறது. மின்சாரம் வேண்டாம், பாதரசம் வேண்டாம். 12 அட்டைகள் போதும்! ஆம், ரத்தம் உறிஞ்சும் அட்டை! ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடிக் குப்பியில். புயல் வரும் அறிகுறி தெரிந்தால் அட்டை மேலே ஏறும், ஏறினால் திமிங்கில எலும்புத் துண்டு நகரும், நகர்ந்தால் மணி அடிக்கும்! செய்தவர் டாக்டர் மெரிவெதர். 1851 லண்டன் மாபெரும் கண்காட்சியிலேயே இதை வைத்தார். இப்போது விட்பியில் இருப்பது அதன் நகல்!

அதே அருங்காட்சியகத்தில் உலர்ந்த மனிதக் கை ஒன்று! திருடர்கள் இதைக் கொண்டுபோனால் வீட்டுக்காரர் எழுந்திருக்கவே மாட்டார் என்று அந்தக் கால நம்பிக்கை. ஒரு பழைய வீட்டுச் சுவருக்குள் ஒளித்துவைத்திருந்தார்களாம்!

கிரேப் லேன் என்ற சந்தில் ஒரு வீடு. கேப்டன் குக் 1746இல் கப்பல் தொழில் பழக வந்து சேர்ந்தது அந்த வீட்டு முதலாளியிடம்தான். உலகம் சுற்றிய அவருடைய ‘எண்டெவர்’ முதலில் என்ன கப்பல்? நிலக்கரி ஏற்றும் கப்பல்! 1764இல் விட்பியில் கட்டியது. அவருடைய மற்றக் கப்பல்களான ரெசல்யூஷன், அட்வெஞ்சர், டிஸ்கவரி? அவையும் விட்பி சரக்கே!

டிஸ்கவரி, எண்டெவர்... எங்கேயோ கேட்ட பெயரா? நாசாவின் விண்வெளி ஓடங்கள்! 1971இல் அப்பல்லோ 15 நிலவுக்குப் போனபோது எண்டெவர் கப்பலின் மரத்துண்டு ஒன்றும் கூடவே போனது!

ஊரின் மேற்குக் குன்றில் திமிங்கிலத் தாடை எலும்பில் ஒரு வளைவு நிற்கிறது. கீழே நின்று படம் எடுக்காதவர் இல்லை. இப்போது இருப்பது 2003இல் அலாஸ்காவிலிருந்து வந்தது!

மேரி ராபர்ட்ஸ் என்று ஒரு பெண்மணி. 1912இல் டைட்டானிக்கில் பணிப்பெண், பிழைத்தார். 1914இல் ரோஹில்லா என்ற மருத்துவமனைக் கப்பலில் ஏறினார். விட்பி பாறைகளில் மோதி அதுவும் உடைந்தது. மறுபடியும் பிழைத்தார்!

1861 புயலில் கவிழ்ந்த விட்பி உயிர்காப்புப் படகில் 13 பேர். பிழைத்தவர் ஒருவர், ஹென்றி ஃப்ரீமன். புது மாதிரி தக்கை உடுப்பைப் போட்டிருந்தவர் அவர் மட்டும்தான்!

குழந்தைகளோடு போனால் நீராவி ரயில் ஏறுங்கள். 1836இல் ஜார்ஜ் ஸ்டீபன்சன் போட்ட பாதை. முதலில் இழுத்தது இன்ஜின் அல்ல, குதிரை! வழியில் வரும் கோத்லேண்ட் நிலையம்தான் முதல் ஹாரி பாட்டர் படத்தின் ஹாக்ஸ்மீட்!

கோடை உச்சத்தில் போனால் இன்னொரு அதிர்ஷ்டம். சூரியன் கடலில் உதித்து, அதே கடலில் மறையும்! கன்னியாகுமரிக்குப் போட்டி!

பசிக்கிறதா? ஃபார்ச்சூன்ஸ் கடையில் 1872இலிருந்து ஹெர்ரிங் மீனைப் புகைபோட்டு விற்கிறார்கள். கடை வாசலிலேயே வாசனை தூக்கும்!

மீன் வறுவலும் சிப்ஸும் சாப்பிடாமல் யாரும் ஊர் திரும்புவதில்லை. ஒரு விஷயம்: யார்க்‌ஷயர் வழக்கப்படி பல கடைகளில் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். ஆகாதவர்கள் வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு மேலேயும் ஒரு கண் இருக்கட்டும். துறைமுகத்துக் கடற்காகங்கள் கையில் இருப்பதை அடித்துக்கொண்டு பறந்துவிடும். போனது போனதுதான்!