யானை உறுமலும் 50 ஹெர்ட்ஸ் முனகலும்

தெப்பக்காடு யானைகள் முகாமில் கேழ்வரகும் கொள்ளும் வேகவைத்து உருட்டிய கவளத்தைப் பாகன் வாயில் வைக்கும்போது, பார்க்க வந்தவர்கள் பிளிறலுக்குக் காத்திருப்பார்கள். யானைகள் தங்களுக்குள் அதிகம் பேசுவதோ அடித்தொண்டை உறுமலில். அதன் அடிச்சுரம் பெரும்பாலும் 14 முதல் 24 ஹெர்ட்ஸ். 20-க்குக் கீழே நம் காதுக்கு எட்டாது. இப்படிக் கேளா ஒலியில் யானைகள் பேசக்கூடும் என்று முதலில் குறித்தவர் சென்னை இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன். 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக்காட்சி சாலையில் ஆசிய யானைகளிடம் அதைக் கண்டறிந்து, பின்பு பதிவு செய்து காட்டியவர் கேட்டி பெய்ன்.

இந்த உறுமலைப் பதிவு செய்ய வருபவருக்கு முதல் இடைஞ்சல் மின்சாரம். அருகே சிங்காராவில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-லேயே ஓடத் தொடங்கிவிட்டதால், இந்தக் காட்டோரத்துக்கு மின்கம்பி புதிதல்ல. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒலிப்பதிவில் அது 50, 100, 150 ஹெர்ட்ஸில் ‘ம்ம்ம்’ என்று படிந்துவிடும். 20 ஹெர்ட்ஸ் உறுமலின் ஐந்தாம் சுரமும், அதாவது அடிச்சுரத்தின் ஐந்து மடங்கும், அதே 100. யானை குரலை 17 ஹெர்ட்ஸுக்குத் தாழ்த்தினால் மூன்றாம் சுரம் 50-ஐ ஒட்டி வரும். முனகலை வடிகட்டி வெட்டினால் யானையின் குரலும் சேர்ந்து வெட்டுப்படும். அதனால்தான் முனகலை உள்ளேயே விடக் கூடாது என்கிறேன்.

முனகல் இரண்டு வழியாக வருகிறது. டிரான்ஸ்பார்மரின் இரும்புத் தகடுகள் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை நுண்ணளவில் நீண்டு சுருங்கி, காற்றில் 100 ஹெர்ட்ஸ் ஒலி எழுப்பும். மைக் அதைக் காது போலவே கேட்கும். விலகிப்போவதைத் தவிர வழியில்லை.

இன்னொன்று, கசியும் காந்தப்புலம். அது கேபிள் வளையத்திலும் மைக்கின் சுருளிலும் நேரடியாக மின்னழுத்தத்தைத் தூண்டும். அலுமினியப் பெட்டிக்குள் கருவியை வைத்துவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். செல்போன் இரைச்சலை அது தடுக்கும். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்கு மெல்லிய அலுமினியம் இருந்தும் இல்லாதது மாதிரிதான். செம்பிலேயே அந்தப் புலம் மூன்றில் ஒரு பங்காகத் தேய ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் கனம் தேவை. இங்கே உதவுவது காந்தத்தை இழுக்கும் உலோகம். இரும்பு ஓரளவு உதவும். சுமார் 80 சதவீதம் நிக்கல் கொண்ட மியூமெட்டல் மிக நன்றாக உதவும். வாய்க்கால் வெட்டி வெள்ளத்தைத் திருப்புவதுபோல, புலத்தைத் தன் வழியே சுற்றி அனுப்பிவிடும். 1923-இல் லண்டனில் கடலடித் தந்திக் கம்பிகளுக்காகக் கண்டுபிடித்த கலவை இது. வளைத்தாலோ தட்டினாலோ அந்தத் திறன் குறைந்துவிடும். ஹைட்ரஜன் உலையில் மறுபடி பதப்படுத்த வேண்டும்.

காட்டில் அவ்வளவு பாடு வேண்டாம். டிரான்ஸ்பார்மரின் புலம் தூரத்தின் மும்மடிக்கேற்பத் தேயும்: இரு மடங்கு தள்ளி நின்றால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். முறுக்கிய இணைக்கம்பி கொண்ட பேலன்ஸ்டு கேபிள் பெரும்பகுதியைத் தானே கழித்துவிடும். மிச்சத்துக்கு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கருவியை மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் முனகல் சட்டென்று இறங்கும். அந்தக் கோணத்திலேயே ஸ்டாண்டை இறுக்குங்கள். கருவி பேட்டரியில் ஓடட்டும். சார்ஜர் அறையிலேயே இருக்கட்டும்.