கோவா: வரைபடம் யார் கையில்?

சுற்றுலாப் பயணியின் பணம் அறை வாடகையை விட்டு நிலத்தின் பக்கம் திரும்பிவிட்டது. தங்கள் ஊரின் வரைபடத்தைத் தாங்களே திருத்திய மக்கள், இப்போது சர்வே எண் சர்வே எண்ணாகப் போராட வேண்டியிருக்கிறது.

கோவாவுக்கு வெளிநாட்டினர் வருவது ஏன் குறைந்தது? 2025 பிப்ரவரியில் இதற்கு ஒரு புது விளக்கம் கிடைத்தது. ரஷ்ய-உக்ரைன் போர் போன்ற காரணங்களோடு, கடற்கரைக் குடில்களில் இட்லி சாம்பாரும் வடா பாவும் விற்கப்படுவதும் ஒரு காரணம் என்றார் கலங்குட் தொகுதியின் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. மைக்கேல் லோபோ. நாடு முழுவதும் சிரிப்பு கிளம்பியது. தென்னிந்தியர்கள் மத்தியில் கொஞ்சம் கோபமும் கிளம்பியது. அந்தச் சிரிப்பில் லோபோ சொன்ன இன்னொரு விஷயம் அமுங்கிப்போனது. உள்ளூர்க்காரர்கள் தங்கள் பெயரில் உரிமம் பெற்ற குடில்களை வெளிமாநில வியாபாரிகளுக்கு உள்வாடகைக்கு விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் அது.

இட்லி மீது பழி போடுவது சுலபம். சுற்றுலாப் பணம் யாரிடமிருந்து வந்து யாரிடம் போகிறது என்ற கேள்விக்கு விடை தேடுவதுதான் கடினம். கோவாவில் அந்த விடை உணவுப் பட்டியலில் கிடைக்காது. நில வரைபடத்தில் கிடைக்கும்.

ஏழு மடங்கு விருந்தாளிகள்

மாநில அரசின் புள்ளிவிவரங்கள் மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுகின்றன. 2019ல் கோவாவுக்கு வந்த வெளிநாட்டினர் 9.37 லட்சம் பேர். 2024ல் அது 4.67 லட்சமாக, அதாவது பாதியாகச் சுருங்கியது. அதே காலத்தில் உள்நாட்டுப் பயணிகள் 71 லட்சத்திலிருந்து 99 லட்சமாகப் பெருகினார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கோவாவின் மக்கள் 14.58 லட்சம் பேர்தான். வீட்டுக்காரர்களைப் போல ஏழு மடங்கு விருந்தாளிகள் ஆண்டுதோறும் வந்து போகிறார்கள். டபோலிமில் கடற்படையின் விமான தளத்தைப் பகிர்ந்துகொண்டு சமாளித்துவந்த மாநிலத்துக்கு 2022 டிசம்பரில் மோபாவில் இரண்டாவது விமான நிலையமும் வந்துவிட்டது.

தலைக் கணக்கில் இது வெற்றிதான். ஆனால் பயணி எதற்குச் செலவழிக்கிறார் என்பதைப் பொறுத்து ஊரின் உருவமே மாறிவிடுகிறது. தனி விமானங்களில் வந்த ஐரோப்பியப் பயணி வழக்கமாக இரண்டு வாரம் தங்குவார். கடலோரக் கிராமத்தில் ஏதாவது ஒரு வீட்டின் மாடி அறையை வாடகைக்கு எடுப்பார். மோட்டார் சைக்கிளை நாள் வாடகைக்குப் பிடிப்பார். மீன் குழம்பைக் குடிலில் சாப்பிடுவார். அவர் பெரிய செலவாளி இல்லை. ஆனால் அவர் செலவழித்த ரூபாய் வீட்டுக்காரம்மாவிடமும், மீன்காரியிடமும், சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு ரொட்டி விற்கும் ‘பொதேர்’ கையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கிச் சென்றது. குடில்கூட மழைக்காலம் வந்தால் பிரித்து எடுத்துவிட வேண்டிய மூங்கில், ஓலைக் கட்டுமானம்தான். நிலத்தில் அது தழும்பு எதையும் விட்டுச்செல்லவில்லை.

உள்நாட்டுப் பயணி பெரும்பாலும் வார இறுதியில் வருகிறார். சில நாட்களில் திரும்பிவிடுகிறார். கையில் இருப்பதை அந்த நாட்களுக்குள் செலவழித்துவிடுகிறார். மாண்டோவி ஆற்றில் மிதக்கும் சூதாட்டக் கப்பல்களிலும், இரவு விடுதிகளிலும், நீச்சல் குளத்தோடு கூடிய வில்லாக்களிலும் அந்தப் பணம் இறங்குகிறது. இவர்களில் வசதி படைத்த சிலர் அடுத்த கட்டத்துக்குப் போகிறார்கள். தங்கிய வில்லாவைப் போலவே ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். டெல்லி, மும்பை, பெங்களூர் பணக்காரர்களுக்கு அஸ்ஸாகாவ், ஷியோலிம், மொய்ரா போன்ற கிராமங்களில் ஒரு வீடு இருப்பது அந்தஸ்தின் அடையாளமாகிவிட்டது. உரிமையாளர் வராத நாட்களில் அந்த வீடு இணையம் மூலம் வாடகைக்குப் போகிறது. சுற்றுலாவும் மனை வியாபாரமும் ஒரே தொழிலாகிவிட்டன.

விளைவு, வீடுகள் பெருகின, குடித்தனங்கள் பெருகவில்லை. 2011 கணக்கெடுப்பிலேயே கோவாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது.

சாணத்தில் தொடங்கிய எதிர்ப்பு

இந்த ஆபத்தை கோவா மக்கள் தாமதமாக உணர்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. தங்கள் நிலத்தைப் பற்றித் தாங்களே முடிவெடுக்க வேண்டும் என்ற பிடிவாதம் அங்கே பழையது. 1967 ஜனவரியில் மகாராஷ்டிரத்துடன் இணைவதா வேண்டாமா என்று கேட்டு நடந்த வாக்கெடுப்பில், வேண்டாம் என்று சொன்னவர்கள் அவர்கள். 1987ல் ஜாக்ருத் கோயங்காராஞ்சி ஃபௌஜ் என்ற அமைப்பினர், தனி விமானத்தில் வந்திறங்கிய ஜெர்மானியப் பயணிகளைச் சாணத்தோடு ‘வரவேற்றனர்’. சொகுசு விடுதிகள் குடிநீரையும் கடற்கரையையும் விழுங்குகின்றன என்பது அவர்களின் புகார். சாணம் வீசியது பண்பாடா என்று பலர் முகம் சுளித்தார்கள். புகாரைத் தவறு என்று சொன்னவர்கள் குறைவு.

உண்மையான பலப்பரீட்சை 2006ல் வந்தது. கோவாவின் நகர, ஊரமைப்புச் சட்டப்படி மாநிலம் முழுமைக்கும் ஒரு மண்டலத் திட்டம் இருக்க வேண்டும். எது வயல், எது தோப்பு, எது காடு, எங்கே வீடு கட்டலாம் என்பதை அந்த வரைபடமே தீர்மானிக்கும். 2006 ஆகஸ்டில் ‘மண்டலத் திட்டம் 2011’ அரசிதழில் வெளியானது. அதைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. குன்றுகளும் தோப்புகளும் கடலோரங்களும் குடியிருப்புப் பகுதிகளாக நிறம் மாறியிருந்தன. சாதாரணமாக யாரும் திரும்பிப் பார்க்காத அரசு வரைபடம், அன்று வீடுதோறும் பேச்சானது.

டாக்டர் ஆஸ்கர் ரிபெல்லோவின் தலைமையில் ‘கோவா பச்சாவ் அபியான்’ உருவானது. கட்டடக் கலைஞர்கள், வக்கீல்கள், விவசாயிகள், இல்லத்தரசிகள் என்று பல தரப்பினரும் சேர்ந்தார்கள். 2006 டிசம்பரில் பனாஜி ஆஸாத் மைதானம் மக்களால் நிரம்பி வழிந்தது. 2007 ஜனவரியில் முதல்வர் பிரதாப்சிங் ரானேயின் காங்கிரஸ் அரசு பணிந்தது. திட்டம் ரத்தானது.

கிராமமே வரைந்த படம்

ரத்து செய்ய வைப்பதோடு மக்கள் நிற்கவில்லை. அடுத்த திட்டத்தை எப்படி எழுதுவது என்பதிலும் பங்கு கேட்டார்கள். 2007ல் அமைக்கப்பட்ட பணிக்குழுவில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா துணைத் தலைவரானார். ஊரமைப்பு நிபுணர் எட்கர் ரிபைரோவும் பணியில் முக்கிய பங்கு வகித்தார். செயற்கைக்கோள் படங்களையும் சர்வே வரைபடங்களையும் பொருத்தித் தயாரித்த நகல் திட்டம், மாநிலத்தின் சுமார் 190 பஞ்சாயத்துகளுக்கும் அனுப்பப்பட்டது. உங்கள் ஊரை நீங்களே சரிபார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கப்பட்டது.

நகல் திட்டத்தைக் குறைசொன்னவர்களுக்கும் இது புது அனுபவம். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் கிராம சபைகளில் வரைபடங்கள் விரிக்கப்பட்டன. ஊற்று எங்கே இருக்கிறது, மழைநீர் எந்த வழியாக இறங்குகிறது, எந்தக் குன்றின் சரிவு கிணறுகளுக்கு நீர் தருகிறது என்பதெல்லாம் ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். தலைநகரில் மேஜை முன் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்குத் தெரியாது. உப்பங்கழியிலிருந்து கரைகட்டி மீட்ட ‘கஸான்’ நிலங்களைப் பற்றியும் அப்படித்தான். கரையும் மதகும் ஒழுங்காக இருந்தால்தான் அங்கே நெல்லும் மீனும் ஒன்றாக விளையும். கரை உடைந்தால் உப்பு நீர் ஏறிவிடும். வெறும் தாளில் அது தரிசு போலத் தெரியும்.

‘மண்டலத் திட்டம் 2021’ தாலுகா தாலுகாவாக அறிவிக்கப்பட்டது. மாநிலப் பரப்பில் பெரும்பகுதியைச் சூழல் முக்கியத்துவம் கொண்ட நிலமாக அது வகைப்படுத்தியது. குறைகள் இல்லாமல் இல்லை. கிராம சபை சொன்னது ஒன்று, இறுதிப் படத்தில் வந்தது வேறு என்று 2011ல் பல ஊர்களில் கொதிப்பு எழுந்தது. 2012ல் ஆட்சிக்கு வந்த மனோகர் பரிக்கர் திட்டத்தை நிறுத்திவைத்தார். 2018ல்தான் அது பகுதியாக மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

திருத்தமா, ஓட்டையா?

அதன் பிறகு நடந்தது கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. முழுத் திட்டத்தையும் மாற்றினால் மக்கள் மைதானத்துக்கு வந்துவிடுவார்கள் என்பது ஆட்சியாளர்களுக்குத் தெரியும். ஆகவே மாற்றங்கள் மனை மனையாக வரத் தொடங்கின. 2023ல் சட்டத்தில் 17(2) என்ற பிரிவு நுழைந்தது. திட்டத்தில் கைதவறி நேர்ந்த பிழைகளைத் திருத்துவது அதன் நோக்கம் என்று சொல்லப்பட்டது. காரணம் முற்றிலும் பொய்யல்ல. பரம்பரை மனையில் ஒரு சிறு வீடு கட்ட நினைத்தவரின் இடம் தோப்பு என்று பதிவாகியிருந்த கதைகள் உண்டு. ஆனால் பிழைதிருத்தம் என்ற பெயரில் 20 லட்சம் சதுர மீட்டருக்கும் அதிகமான நிலம் வகை மாறியபோது, இத்தனை கைதவறுதலா என்ற கேள்வி எழுந்தது.

கோவா ஃபவுண்டேஷன், கோவா பச்சாவ் அபியான், கஸான் சொசைட்டி ஆகியவை நீதிமன்றம் சென்றன. 2025 மார்ச்சில் மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா கிளை, அந்தப் பிரிவின் கீழ் வகுத்த விதிகளையும் வழிகாட்டு நெறிகளையும் ரத்து செய்தது. மக்கள் கருத்துக் கேட்டு உருவான திட்டத்தைத் தனியார் விண்ணப்பங்களின் பேரில் துண்டு துண்டாகச் சிதைக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். மாநில அரசு உச்ச நீதிமன்றத்தை அணுகியது.

இதற்கிடையில் 2024ல் இன்னொரு கதவு திறந்தது. அது 39ஏ பிரிவு. நில வகையை மாற்றக் கோரி வரும் விண்ணப்பத்தை அறிவித்து, 30 நாட்களுக்குள் மக்கள் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்கிறது அது. பங்கேற்பு இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இது எப்படிப்பட்ட பங்கேற்பு? முன்பு கிராமமே கூடி முழு வரைபடத்தைப் பார்த்தது. இப்போது அறிவிப்பில் ஒரு சர்வே எண் வரும். அது எந்தக் குன்று, அதன் கீழே யார் கிணறு என்று கண்டுபிடித்து, எழுதி, கெடு முடிவதற்குள் அனுப்ப வேண்டும். அடுத்த அறிவிப்பில் வேறு எண்கள் வரும். இந்த ஓட்டப்பந்தயத்தில் விண்ணப்பதாரருக்குச் சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். கிராமத்துக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் விடுமுறை நாட்களும்தான் உண்டு.

அனுமதிகளை யார் சோதிக்கிறார்கள் என்ற கேள்வி காகித விவகாரம் மட்டுமல்ல என்பதை 2025 டிசம்பர் கொடூரமாக உணர்த்தியது. அர்போராவில் ஓர் இரவு விடுதியில் பற்றிய தீ 25 உயிர்களைக் குடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்பு தேடி வெளியூரிலிருந்து வந்த ஊழியர்கள். அந்தக் கட்டடம் எப்படி அங்கே எழும்பியது, எப்படி இயங்கியது என்ற விசாரணை அதற்குப் பிறகு நடந்தது.

குற்றவாளிக் கூண்டில் வெளியாட்களை மட்டும் நிறுத்துவதும் நியாயமில்லை. நிலத்தை விற்பவர்களில் உள்ளூர்க்காரர்களும் உண்டு. வெளிநாட்டில் குடியேறிய பிள்ளைகளுக்கு வயல் வேண்டாம், வயலின் விலை வேண்டும். குடில் உரிமத்தை உள்வாடகைக்கு விடுபவருக்கும் சீசன் முழுக்க அடுப்படியில் வேகாமல் பணம் வருவது சௌகரியம். நெல் பயிரிடுவதில் கிடைக்கும் வருமானம் மனை விலையோடு போட்டி போட முடியாத வரை, வரைபடத்தின் பச்சை நிறத்துக்கு ஆபத்து நீங்காது. இட்லி சாம்பாரைச் சாடியவரின் பேச்சில் இருந்த உண்மையும் இதுதான்: பணம் உள்ளூரில் தங்க வேண்டுமானால் தொழில் உள்ளூர்க்காரர் கையில் இருக்க வேண்டும்.

அதற்கு வழி பயணிகளை விரட்டுவதல்ல. மாடி அறைக்கும் உள்ளூர்ச் சமையலுக்கும் செலவாகும் பணம் நிலத்தின் வடிவத்தை மாற்றாமல் பல கைகளுக்குப் போய்ச் சேர்கிறது. நிலத்துக்குச் செலவாகும் பணம் ஒரு முறை ஒரு கைக்குப் போகிறது. பிறகு குன்று திரும்பி வருவதில்லை. எந்தச் செலவுக்கு ஊர் இடம் கொடுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கருவி வரைபடம்தான். அதைத் திருத்தும் உரிமையை ஒரு முறை ருசித்தவர்கள் கோவா மக்கள். மண்டலத் திட்டத்தின் பெயரிலேயே ஒட்டியிருக்கும் 2021ம் ஆண்டு கடந்துபோய்விட்டது. அடுத்த வரைபடம் என்றாவது வரைந்தாக வேண்டும். அப்போது அது மீண்டும் கிராம சபையில் விரிக்கப்படுமா என்பதில்தான் கோவாவின் வயலும் கிணறும் தப்புவது இருக்கிறது.