இரண்டு புள்ளிப் பந்து

டிவியில் கிரிக்கெட் பார்த்தே வளர்ந்தவர்கள் முதல்முறை மைதானத்துக்குப் போய், பிட்சுக்குப் பக்கவாட்டில் இடமும் கிடைத்துவிட்டால் திகைத்துப் போவார்கள். வேகப்பந்து வீச்சாளரின் கை சுழல்வது தெரியும். அடுத்து காதில் விழுவது கீப்பரின் கையுறைச் சத்தம்தான். நடுவில் பந்து எங்கே போனது? வீட்டில் பார்க்கும்போது அதே பந்து ஆற அமர மிதந்து போகிறதே. 'இதைக்கூட அடிக்கத் தெரியலையா இவனுக்கு?' என்று சோபாவில் சாய்ந்தபடி நாம் திட்டுவதில் பாதிப் பழி லென்ஸைச் சேர வேண்டும்.

மணிக்கு 140 கி.மீ. என்றால் நொடிக்குச் சுமார் 39 மீட்டர். பிட்சின் நீளம் 22 கெஜம், அதாவது 20.12 மீட்டர். பேட்ஸ்மேனுக்குக் கிடைப்பது ஏறக்குறைய அரை நொடி. இதைப் படம்பிடிக்கும் பிரதான கேமரா பவுலரின் முதுகுக்குப் பின்னால், எல்லைக்கோட்டையும் தாண்டி, ஸ்டாண்டின் உயரத்தில் இருக்கிறது. அருகிலுள்ள ஸ்டம்புக்கும் அதற்கும் நூறு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எதிர்முனை ஸ்டம்ப் 120 மீட்டரில். ஆகவே பேட்ஸ்மேனிடம் போய்ச் சேரும்போது திரையில் பந்தின் அளவு ஆறில் ஒரு பங்குதான் குறைகிறது. பவுலர் முனையில் நிற்கும் நடுவருக்கோ, இரண்டு மீட்டரில் கிளம்பிய பந்து 22 மீட்டருக்குப் போகிறது. பதினொரு மடங்கு சிறுத்துவிடுகிறது. ஒரு பொருள் எவ்வளவு விரைவாக விலகுகிறது என்று மூளை கணிப்பதற்கு இந்தச் சிறுத்தல் முக்கியமான துப்பு. அது கிடைக்காதபோது வேகமும் தெரிவதில்லை.

பக்கவாட்டில் கேமராவை வைத்துவிடலாமே என்றால், வேகம் தெரியும். ஸ்விங்கும் பந்தின் திசையும் தெரியாது. பின்னாலிருந்து பார்ப்பதுதான் சரியான சமரசம். அதுகூட எளிதில் வரவில்லை. பல ஆண்டுகளாக ஒரு முனையில் மட்டுமே பிரதான கேமரா. ஒன்றுவிட்ட ஓவர்களில் பேட்ஸ்மேனின் பின்பக்கத்தைத்தான் ரசிகர்கள் பார்த்தார்கள். ஆஸ்திரேலிய கிரிக்கெட் வாரியம் ஒளிபரப்பு உரிமை தர மறுத்த கோபத்தில் டிவி அதிபர் கெர்ரி பாக்கர் 1977இல் தனிப் போட்டித் தொடரே தொடங்கினார். இரண்டு முனையிலும் கேமரா வைத்து, எப்போதும் பவுலருக்குப் பின்னாலிருந்து காட்டும் வழக்கம் அவருடைய சேனலால்தான் நிலைபெற்றது. இன்று நாம் பார்க்கும் கிரிக்கெட்டின் முகம் அந்தச் சண்டையில் பிறந்தது.

அதே தொலைதூர லென்ஸ் இன்னொரு வம்பையும் இழுத்து வருகிறது. 2023 ஜூன் 10, லண்டன் ஓவல் மைதானம், உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி. ஆஸ்திரேலியாவின் போலண்ட் வீசிய பந்து நம் சுப்மன் கில்லின் பேட்டில் பட்டு கல்லி பக்கம் போக, கேமரூன் கிரீன் இடக்கையால் தரையை ஒட்டிப் பிடித்தார். மூன்றாவது நடுவர் ரிச்சர்ட் கெட்டில்பரோ திரும்பத் திரும்பப் பார்த்து அவுட் கொடுத்தார். நம் ஊரில் பாதிப் பேருக்கு அது இன்றைக்கும் அவுட் இல்லை. சமூக ஊடகத்தில் அந்தக் காட்சியின் நிலைப்படத்தைப் போட்டு ஆதங்கப்பட்ட கில்லுக்குப் போட்டி ஊதியத்தில் 15 சதவீதம் அபராதம்.

அந்த நிலைப்படம் ஏன் எதையும் தீர்க்காது? தூரத்திலிருந்து இழுத்துப் பெரிதாக்கிய படத்தில் ஆழம் இருக்காது. பந்துக்கு ஒரு சாண் முன்னால் முளைத்த புல், பந்தின் மேலேயே ஒட்டியிருப்பதுபோல் தெரியும். பந்துக்கு அடியில் நுழைந்த விரல்கள் அந்தப் புல்லுக்குப் பின்னால் மறைந்துவிடும். சுத்தமான கேட்ச்கூட ஸ்லோமோஷனில் தரையைத் தொட்டதாகத் தோன்றும். எத்தனை முறை நிறுத்தி நிறுத்திப் போட்டாலும் இல்லாத ஆழம் வந்துவிடாது. ஒற்றைக் கேமராவுக்கு இந்தக் குறை உண்டு என்பதால்தான், பால் ஹாக்கின்ஸ் உருவாக்கி 2001இல் லார்ட்ஸ் டெஸ்ட் ஒளிபரப்பில் அறிமுகமான ஹாக்-ஐ, ஒரே பந்தைப் பல கோணங்களிலிருந்து பல கேமராக்களால் பார்த்து இடத்தைக் கணக்கிடுகிறது.

இனி, கைபேசியில் பார்ப்பவர்களின் புலம்பலுக்கு வருவோம். சிக்ஸர் பறக்கிறது, கேமரா கூடவே ஓடுகிறது, புல்தரை பச்சைக் குழம்பாகக் கலங்குகிறது, பந்து காணாமல் போகிறது. கண்ணில் கோளாறு எதுவும் இல்லை.

ஒரு எச்டி படத்தில் 1920 பெருக்கல் 1080, சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட், நொடிக்கு 50 படங்கள் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 250 கோடி பிட். நம் கைக்கு வந்து சேர்வது 50 லட்சம் பிட் என்று கொண்டால், ஐந்நூறில் ஒரு பங்கு. மற்றதெல்லாம் எங்கே? படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, 'இந்தக் கட்டம் போன படத்தில் இருந்ததுதான்', 'அந்தக் கட்டம் கொஞ்சம் வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது' என்று மாற்றத்தை மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். செய்தி வாசிப்பவருக்கு இது போதும். அவருடைய உதடும் இமையும்தானே அசைகின்றன. கிரிக்கெட்டில் கேமரா திரும்பியதும் லட்சக்கணக்கான புல்லும் முப்பதாயிரம் தலைகளும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. எழுத வேண்டியது எக்கச்சக்கம், கொடுத்த பிட்டோ கொஞ்சம். நுணுக்கமான விவரங்கள்தான் முதலில் வெட்டுப்படும்.

அந்த நுணுக்கங்களில் ஒன்று பந்து. மைதானத்தின் 60 மீட்டர் அகலம் திரையில் தெரியும் காட்சியில் ஒரு புள்ளிக்கு மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பந்தின் குறுக்களவு ஏழு சென்டிமீட்டர். அதாவது நாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்க்கும் அந்தப் பந்து, திரையில் இரண்டு புள்ளி அகலம்!

டெஸ்ட் போட்டியில் இன்னும் மோசம். மனிதக் கண்ணுக்கு வெளிச்ச வேறுபாடு தெரியும் அளவுக்கு நிற வேறுபாடு நுணுக்கமாகத் தெரியாது. இதை நம்பி, வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளியும், நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒரு முறையும் மட்டுமே அனுப்புகிறார்கள். பளபளப்பு போன சிவப்புப் பந்துக்கும் பச்சைப் புல்லுக்கும் இடையே இருக்கும் வேறுபாட்டில் பெரும்பகுதி நிறம்தான். அதையே கால் பங்காக்கிவிட்டால் பந்து புல்லோடு கரைந்துபோவதில் ஆச்சரியம் என்ன?

டிஷ் வைத்து டிவி பார்க்கும் எதிர்வீட்டுக்காரர், கைபேசியில் பார்க்கும் நமக்கு முன்னால் கத்துவது இன்னொரு எரிச்சல். செயற்கைக்கோள் 36,000 கி.மீ. உயரத்தில் இருந்தாலும், ஒளிவேகத்தில் சிக்னல் மேலே போய்க் கீழே வர கால் நொடிதான். இணையவழி ஒளிபரப்பில் வீடியோவைச் சில நொடித் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறார்கள். நம் செயலி இரண்டு மூன்று துண்டுகளைச் சேமித்த பிறகே ஓடவிடும். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் இருந்தால், குழாயில் வரத்து நின்றாலும் கொஞ்ச நேரம் குளிக்கலாம் அல்லவா, அதே ஏற்பாடு. இந்தச் சேமிப்பு இல்லையென்றால் நொடிக்கொரு முறை படம் உறையும். 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் படம் ஓடியதே பெரிய காரியம். சில நொடித் தாமதத்தை நான் மன்னித்துவிடுவேன்.

மன்னிக்க முடியாதது வேறு. ஓவரின் கடைசிப் பந்து கீப்பர் கையில் நிற்பதற்குள் விளம்பரம். அடுத்த ஓவரின் முதல் பந்துக்கு பவுலர் பாதி ஓடி வந்த பிறகு திரும்பி வரும் படம். நடுவே படத்தையே ஓரமாகச் சுருக்கி குளிர்பான பாட்டில். ஆஸ்திரேலியா 1979–80இல் எட்டுப் பந்து ஓவரை ஆறாக்கியபோதே, விளம்பர இடைவெளிகள் கூடுவதும் ஒரு காரணம் என்று பேச்சு அடிபட்டது. லென்ஸுக்கும் பிட்டுக்கும் இயற்பியல் வரம்பு உண்டு. இதற்கு எந்த வரம்பும் இல்லை. ஃபீல்டர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று ஓவருக்கு ஒரு முறை மைதானம் முழுவதையும் காட்டுவதற்குப் புதுக் கருவி எதுவும் தேவையில்லை. அந்த நேரத்தில்தான் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும் நடிகரைக் காட்டுகிறார்கள்.

நம் கையில் இருப்பது இரண்டு காரியம். பல புதிய டிவிகள் இரண்டு படங்களுக்கு நடுவே தாமாக ஒரு படத்தைக் கற்பனை செய்து செருகுகின்றன. வேகமாகப் போகும் சிறு பந்தை அந்தக் கணக்கு சில நேரம் இரண்டாக்கும், சில நேரம் அழித்தேவிடும். செட்டிங்ஸில் 'மோஷன்' என்ற பெயரில் இருக்கும் அந்த வசதியை அடுத்த ஆட்டத்தில் ஒரு ஓவர் அணைத்து, ஒரு ஓவர் போட்டுப் பாருங்கள். கைபேசியில் பார்ப்பவர்கள், டேட்டா தாங்குமென்றால், தரத்தை 'ஆட்டோ'வில் விடாமல் இருப்பதிலேயே உயர்ந்ததைத் தேர்ந்தெடுங்கள்.