பிரிட்டனின் சேமநலமும் நம் ஈட்டுறுதியும்



மொழிபெயர்ப்பாளனின் பிழைப்பில் சில சொற்கள் தீராக் கடன்போல் தொடர்ந்து வரும். எனக்கு அவ்வாறு வாய்த்த சொல் ‘வெல்ஃபேர்’ என்பது. ‘நலன்’ என்று எழுதினால் உடல்நலம் ஒன்றே தோன்றுகிறது. ‘நல்வாழ்வு’ என்றால் வாழ்த்து மடலின் வாடை வீசுகிறது. முன்னோர் ‘சேமம்’ என்றனர். அதில் காவல் என்ற பொருளும் அடங்கியிருக்கிறது. ‘சேமிப்பு’ என்ற சொல்லின் ஓசையும் உடன் கேட்கிறது. ஆகவே நான் ‘சேமநலம்’ என்றே எழுதி வருகிறேன். என் மேலதிகாரி ஒருமுறை அதை அடித்துத் திருத்தினார். மறுமுறையும் அதையே எழுதினேன்.

நான் வசிப்பது கொல்கத்தாவின் கார்டன் ரீச் பகுதியில். ஹூக்ளி நதியின் கரையில் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமை அலுவலகமும், கப்பல் கட்டும் தளமும், மட்டியாபுருஸ் தையற்காரர்களின் நெருக்கமான தெருக்களும் ஒன்றையொன்று ஒட்டி அமைந்த இடம் அது. ரயில்வேயை நம்பி வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் சில உண்டு. மாலையில் நாலு பேர் கூடினால் பிரிட்டனைப் பற்றிய பேச்சு வராமற் போவதில்லை. ஒருவருடைய மகள் அங்கே செவிலி. இன்னொருவருடைய மருமகன் கணினித் தொழிலில் இருக்கிறார். “அங்கே நோயாளியை அரசே பார்த்துக்கொள்ளும், நாம் வீணாக இங்கே பிறந்தோம்” என்பார் ஒருவர். “உழைக்காதவனுக்கும் சோறு போட்டு நாட்டைக் கெடுத்துக்கொண்டார்கள்” என்பார் மற்றவர். இருவர் பேச்சும் எனக்கு நிறைவளிப்பதில்லை. பிரிட்டனின் ஏற்பாடு தருமமாகத் தொடங்கியதன்று, கணக்காகத் தொடங்கியது.

1911-ஆம் ஆண்டின் தேசிய ஈட்டுறுதிச் சட்டத்தைப் பாருங்கள். தொழிலாளியின் அட்டையில் வாரந்தோறும் ஒரு வில்லை ஒட்டப்படும். அதற்குத் தொழிலாளி நான்கு பென்னி, முதலாளி மூன்று பென்னி, அரசு இரண்டு பென்னி. ‘நான்கு கொடுத்து ஒன்பது பெறுக’ என்று லாயிட் ஜார்ஜ் அதை மேடைதோறும் விளம்பரப்படுத்தினார். நோயுற்ற ஆண் தொழிலாளிக்கு வாரம் பத்து ஷில்லிங் கிடைத்தது. ஆனால் மருத்துவர் பார்ப்பது அட்டை வைத்திருந்தவரை மட்டுமே. அவருடைய மனைவிக்கும் மக்களுக்கும் அந்த உரிமை இல்லை.

இந்தக் குறையை நிரப்ப வழி காட்டியது 1942 டிசம்பரில் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கை. வில்லியம் பெவரிட்ஜ் பிறந்தது நம் வங்காளத்தில். 1879-இல், இன்று வங்கதேசத்தைச் சேர்ந்த ரங்பூரில். தந்தை அங்கே நீதிபதி. தாயார் ஆனெட் பெவரிட்ஜ் ‘பாபர் நாமா’வை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர், தந்தையோ ‘அக்பர் நாமா’வை மொழிபெயர்த்தவர். மொழிபெயர்ப்பாளர் வீட்டுப் பிள்ளை என்பதால் எனக்கு அவர்மீது சற்றுக் கூடுதலான பற்று உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. வறுமை, நோய், அறியாமை, அசுத்தச் சூழல், வேலையின்மை ஆகிய ஐந்தையும் வழிமறிக்கும் ஐந்து அரக்கர்களாக அவர் உருவகித்தார். 1948 ஜூலை 5-ஆம் நாள் அநியூரின் பெவன் அமைச்சராயிருந்தபோது தேசிய மருத்துவப் பணி தொடங்கிற்று. அதன் செலவில் பெரும்பகுதி பொது வரியிலிருந்து வருகிறது. வில்லை ஒட்டினாயா என்று மருத்துவர் கேட்பதில்லை. அந்நாட்டில் முறையாக வசிக்கிறாயா என்பதே கேள்வி.

அங்கேதான் சிக்கலும் இருக்கிறது. ‘வசிப்பவர் யார்?’ என்று கேட்டவுடனே வேலிக்கு வெளியே சிலர் நின்றுவிடுகிறார்கள். இது இன்று நேற்று எழுந்த கேள்வி அன்று. கார்டன் ரீச்சை அடுத்த கிதர்ப்பூர்த் துறைகளிலிருந்து, பிரிட்டிஷ் கப்பல்களில் லஸ்கர்கள் என்னும் இந்திய மாலுமிகள் ஆயிரக்கணக்கில் சென்றனர். (தமிழ்நாட்டில் பொதுப்பணித் துறையின் வாய்க்கால் காவலரையும் ‘லஸ்கர்’ என்பார்கள், சொல் கடலிலிருந்து கரையேறிவிட்டது.) சில்ஹட், நவகாளி, சட்டக்கிராமம் முதலிய ஊர்களைச் சேர்ந்த எளிய மக்கள் அவர்கள். கொதிகலன் அறையில் கரி தள்ளினார்கள். அதே கப்பலில் வேலை செய்த வெள்ளை மாலுமியின் கூலியில் ஒரு சிறு பங்கே அவர்களுக்குக் கிடைத்தது.

1911-ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களை எவ்வாறு நடத்திற்று தெரியுமா? லஸ்கர்கள் பிரிட்டனில் குடியிருப்போர் அல்லர்; ஆகவே சலுகை இல்லை. ஆயினும் அவர்கள் பெயரில் கப்பல் முதலாளி தம் பங்கைச் செலுத்தியாக வேண்டும். இன்றேல் லஸ்கரை வைப்பது இன்னும் மலிவாகிவிடும் அல்லவா? அவ்வாறு சேர்ந்த பணம் ‘லஸ்கர் நிதி’ என்றே வழங்கப்பட்டு, பிரிட்டிஷ் மாலுமிகளின் முதுமைக்கால ஓய்வூதியத்துக்குப் பயன்பட்டது. உழைப்பு ஒருவருடையது, அதன்மேல் விளைந்த சேமநலம் வேறொருவருடையது. சேமநல அரசின் வரலாற்றில் இந்தப் பக்கத்தைப் புரட்டுவோர் குறைவு.

இன்றும் அச்சாயல் முற்றிலும் மறைந்துவிடவில்லை. பணி விசாவில் செல்லும் ஒருவர், சில மருத்துவப் பணிகளுக்குரிய விலக்கு நீங்கலாக, மருத்துவக் கூடுதற் கட்டணமாக ஆண்டுக்கு 1,035 பவுன் முன்பணமாகச் செலுத்த வேண்டும் என்பது 2024 பிப்ரவரியில் வந்த விதி. வரியும் அவர் தனியே கட்டுகிறார். அங்கே பல்லாண்டு உழைத்து, ஓய்வுக்காலத்தில் தஞ்சாவூருக்குத் திரும்புகிறவருக்கு அரசு ஓய்வூதியம் வரும்; ஆனால் பிரிட்டனில் இருப்போருக்கு ஆண்டுதோறும் ஏறும் உயர்வு இந்தியாவில் வாழ்வோருக்கு ஏறாது. முதலில் குறித்த தொகை அப்படியே உறைந்து நிற்கும்.

நிற்க. நம் நாட்டு ஏற்பாட்டைக் குறைவாக எண்ணுவோருக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். பேராசிரியர் அதார்க்கர் 1944-இல் அளித்த அறிக்கையின் பயனாக 1948-இல் சட்டமாகி, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேருஜியால் தொடங்கி வைக்கப்பட்டது தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம், எல்லோரும் இ.எஸ்.ஐ. என்பது இதைத்தான். 2019 ஜூலை முதல் தொழிலாளியின் பங்கு ஊதியத்தில் 0.75 விழுக்காடு, முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு. நோயுற்று வேலைக்குச் செல்ல இயலாதவருக்கு ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டில் 91 நாள் வரை கிடைக்கும். குடும்பத்தாருக்கும் மருத்துவம் உண்டு. பிரிட்டனில் 2025-26ஆம் ஆண்டில் முதலாளி கட்டாயம் தரவேண்டிய நோய்க்கால ஊதியம் வாரம் 118.75 பவுன். அவ்வாண்டின் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 12.21 பவுன் வீதம் வாரம் முப்பத்தேழரை மணி உழைப்பவரின் வருவாயில் இது நாலில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். 28 வாரம் வரை தருகிறார்கள் என்பது உண்மை. ஆயினும் விகிதத்தைப் பார்த்தால் நம் சட்டமே தாராளமானது.

குறை எங்கே என்றால், நம் சட்டம் எட்டும் தூரம் குறுகியது. பொதுவாகப் பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனமாக இருக்க வேண்டும். மாத ஊதியம் 21,000 ரூபாயைத் தாண்டலாகாது. மட்டியாபுருஸில் ‘ஓஸ்தாகர்’ எனப்படும் தலைமைத் தையற்காரரிடம் துணி வாங்கிச் சென்று, வீட்டிலிருந்தே உருப்படிக்கு இவ்வளவு என்று தைத்துத் தருகிறவரின் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறும்? பிரிட்டனில் அவர் மருத்துவரிடம் செல்ல எந்த முதலாளியின் சீட்டும் வேண்டியதில்லை. அங்கே உரிமை ஆளோடு நிற்கிறது. இங்கே வேலையோடு நிற்கிறது. ஊர்விட்டு ஊர் வந்த நம்மவருக்கு இந்த வேற்றுமை புத்தக விஷயம் அன்று.

எங்கள் தெருவில் ஒரு தமிழ் இளைஞர் இருக்கிறார். பற்றவைப்பு வேலை தெரிந்தவர். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையிலிருந்து, ஒப்பந்தக்காரர் ஒருவர் மூலம் இங்கே வந்தார். இ.எஸ்.ஐ. எண் ஒருவருக்கு ஆயுள் முழுவதும் ஒன்றே. எந்த மாநிலத்துக்குப் போனாலும் அதுவே செல்லும். ஒப்பந்தக்காரர் அதைக் கேட்கவுமில்லை, இவர் சொல்லவுமில்லை. புதிய எண் ஒன்று பதிந்துவிட்டார்கள். மஞ்சட்காமாலை கண்டு படுத்தபோதுதான் இது வெளிப்பட்டது. நோய்க்கால உதவித்தொகை பெற, ஆறு மாதச் சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா செலுத்தியிருக்க வேண்டும். இவருக்குப் பழைய எண்ணில் 50 நாள். புதிய எண்ணில் 45 நாள். கூட்டினால் 95. தனித்தனியே பார்த்தால் இரண்டும் போதா.

“அண்ணா, நான் உழைத்த நாள் உழைத்த நாள்தானே? எண் எப்படி அதைத் தின்னும்?” என்று கேட்டார்.

இரு எண்களையும் ஒன்றாக்கக் கோரி ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்தறிவதற்காகத் தமிழிலும் ஒரு படி. பழைய தொழிற்சாலையின் ஊதியச் சீட்டைத் தேடி எடுக்கவே இரண்டு வாரம் ஆயிற்று. இதைக் கேட்கும் அன்பர்களின் வீட்டில் வேலை மாறும் பிள்ளைகள் இருந்தால், அந்தப் பழைய எண்ணையும் ஊதியச் சீட்டுகளையும் இன்றே ஒரு நோட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புதிய இடத்தில் சேரும் முதல் நாளே காட்டச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்துக்கு இன்னும் விடை வரவில்லை. இளைஞர் சென்ற திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பிவிட்டார். கண்ணில் மஞ்சள் முற்றும் இறங்கியிருக்கவில்லை.